ஏரிக்கரையில் ஆர்.வி.யை நிறுத்தி ஆறு மாதம் தங்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் உங்கள் வீடு. கணவருக்கு 63 வயது, உங்களுக்கு 59. பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். வீட்டை விற்று ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப் டிரக்கின் முதுகில் மாட்டி இழுக்கும், உள்ளே வசிக்கக்கூடிய ஆர்.வி. வகை) வாங்கி முழுநேரமும் அதிலேயே இருந்துவிடலாமா, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை டெக்சோமா ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நிறுத்திக்கொள்ள முடியுமா, வீட்டைவிடச் செலவு குறையுமா, கையில் இருக்கும் ஹாஃப் டன் பிக்கப் (இலகு ரக டிரக்) அதை இழுக்குமா என்று கேட்கிறீர்கள். கேள்வியில் ஆர்.வி. பயணம் என்று எழுதியிருந்தாலும், ஊர் சுற்றுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு கரையில் போய் உட்கார வேண்டும், நீரைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. அதனால் அந்த ஆசைக்கே பதில் எழுதுகிறேன்.

நான் மின்சாரப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவியும் நானும் சில வருடங்களாக ஃபிஃப்த் வீலில்தான் குடும்பம் நடத்துகிறோம். சில கோடைகளில் ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டுகளில் ஹோஸ்டாகவும் (அங்கேயே தங்கி இடத்தைப் பார்த்துக்கொள்பவர்) இருந்திருக்கிறோம். இடம் கிடைப்பது, மின்சாரம், தண்ணீர், கழிவு ஆகியவற்றில் நான் சொல்வதை நம்பி நீங்கள் திட்டம் போடலாம். வரி, இன்சூரன்ஸ், குடியேற்றம் பற்றிச் சொல்வதை, உரியவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஏரிக்கரையில் இருக்க முடியும், ஆனால் அரசு இடத்தில் ஒரே மூச்சாக முடியாது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஆர்.வி. என்பது நகர்ந்துகொண்டே இருப்பதற்காகச் செய்த வண்டி. அதை மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்துவது ஊர் சுற்றுவதைவிட எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதுதான் அதிகக் கவனம் கேட்கும் வேலை.

முதலில் இடம். டெக்சோமா, ரெட் ரிவர் ஆற்றில் டெனிசன் அணை கட்டி 1944இல் உருவான நீர்த்தேக்கம். ஒரு பக்கம் டெக்சஸ், மறுபக்கம் ஓக்லஹோமா. அணையும் கரையும் ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் (அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் பிரிவு, சுருக்கமாகக் கோர்) அமைப்பின் டல்சா மாவட்ட அலுவலகத்தின் கையில் இருக்கின்றன. தண்ணீரை ஒட்டி மர நிழலில் இருக்கும் நல்ல இடங்கள் பல அவர்களுடைய கேம்ப்கிரவுண்டுகளில்தான். பிரெஸ்டன் பெண்ட், ஜூனிபர் பாயிண்ட், பர்ன்ஸ் ரன், ஜான்சன் க்ரீக் என்று இரு கரையிலும் இருக்கின்றன. கோர் விதிப்படி, 30 நாளுக்குள் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பலர் கோட்டை விடும் நுணுக்கம் ஒன்று இதில் இருக்கிறது. அந்த 14 நாள் கணக்கு ஒரு கேம்ப்கிரவுண்டுக்கு மட்டும் அல்ல, அந்த நீர்த்தேக்கம் முழுவதற்கும் சேர்த்து. பிரெஸ்டன் பெண்டில் 14 நாள் முடித்துவிட்டு எதிர்க்கரை பர்ன்ஸ் ரன்னுக்குப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது. மாவட்ட அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இருந்தால் மட்டுமே விலக்கு.

ஆனால் இதையே உங்களுக்குச் சாதகமாக மாற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் நீங்கள் இருக்கும் பகுதியில் நீர்த்தேக்கங்களுக்குக் குறைவில்லை. டெக்சோமாவில் இரண்டு வாரம், அப்புறம் லாவன் ஏரியின் ஈஸ்ட் ஃபோர்க்கில் இரண்டு வாரம், அடுத்தது லூயிஸ்வில் ஏரியின் ஹிக்கரி க்ரீக் என்று சுற்றி வரலாம். இவை வேறு வேறு நீர்த்தேக்கங்கள் என்பதால் கணக்கும் தனித்தனி. டெக்சோமாக் கரையிலேயே இருக்கும் ஐசன்ஹவர் ஸ்டேட் பார்க் டெக்சஸ் மாநிலத்துடையது. அங்கும் தொடர்ந்து 14 நாள்தான் எல்லை, ஆனால் கோர் கணக்கில் அது சேராது. கோர் இடங்களுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் 6 மாதம் முன்பிருந்தும், டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளுக்கு 5 மாதம் முன்பிருந்தும் முன்பதிவு செய்யலாம். மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே வார இறுதிகளுக்கு முன்பதிவு திறந்த அன்றே உட்கார வேண்டும். நடுவார நாட்களில் அவ்வளவு போட்டி இல்லை. உங்கள் கணவர் 62ஐத் தாண்டிவிட்டதால், அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால், ஆயுளுக்கும் செல்லும் சீனியர் பாஸை 80 டாலருக்கு வாங்கலாம். கோர் கேம்ப்கிரவுண்டுகளில் வாடகை பாதியாகும். மின் இணைப்புள்ள இடத்துக்கு ஓர் இரவுக்கு 20, 30 டாலர் என்பது பாதியாகும்போது, மாதக் கணக்கில் அது பெரிய தொகை. ஒரு பாஸ் போதும், உங்களுக்குத் தனியாக வேண்டியதில்லை.

நிஜமாகவே நகராமல் ஆறு மாதமும் அரசுக் கரையில் இருக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரே வழி ஹோஸ்டாகச் சேர்வது. வாரத்தில் சில நாள் வேலை, பதிலுக்கு மின்சாரம், தண்ணீரோடு இடம் இலவசம். வருபவர்களை வரவேற்பது, குளியலறையைச் சுத்தமாக வைத்திருப்பது, தீக்குழிச் சாம்பலை அள்ளுவது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடுபவர்களிடம் பொறுமையாகப் பேசுவது எல்லாம் அதில் அடக்கம். வாலன்டியர் டாட் கவ் தளத்தில் அறிவிப்புகள் வரும். குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். எங்களுக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருந்தது, மனிதர்களோடு பழகப் பிடிக்கும் எவருக்கும் பிடிக்கும். ஆனால் சனி, ஞாயிறு உங்களுடையது அல்ல என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைகள் வருவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். இன்னொன்று, இலவச இடம் என்பது ஒரு வகையில் ஊதியம்தான். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோரையோ சம்பந்தியையோ இந்த வேலையில் ஈடுபடுத்த நினைத்தால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

மூன்றாவது வழி தனியார் ஆர்.வி. பார்க். மாத வாடகைக்கும் சீசன் வாடகைக்கும் விடுவார்கள். கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மாத வாடகையில் பெரும்பாலும் மின்சாரம் சேராது, மீட்டர் தனி. ஒரு கூரை ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். டெக்சஸ் ஜூலையில் ஒரு நாளில் 15 மணி நேரம் ஓடினாலே மாதம் 675 யூனிட். இரண்டு ஏசி என்றால் இரட்டிப்பு. அதனால் யூனிட் விலை என்ன என்று கேட்காமல் மாத வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். 10 வருடத்துக்கு மேல் பழைய வண்டியை உள்ளே விடாத பார்க்குகள் நிறைய உண்டு, நீங்கள் பழைய டிரெய்லர் வாங்க நினைத்தால் இது முக்கியம். லேக்சைட் என்று பெயர் வைத்திருப்பவற்றில் பலவற்றிலிருந்து ஏரியை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. முன்பணம் கட்டும் முன் நேரில் போய் அந்த நம்பர் இடத்தில் நின்று பாருங்கள், அதுவும் மதியம் மூன்று மணிக்கு. மேற்கு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். ஆனிங் (வண்டியின் பக்கவாட்டில் விரியும் துணிக்கூரை) இருக்கும் பக்கம் மேற்கைப் பார்த்தால் சாயங்காலம் முழுக்க வெளியே உட்கார முடியாது.

அடுத்தது ஏரி. டெக்சோமாவின் இயல்பான நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 617 அடியை ஒட்டி இருக்கும். அணையின் உபரிநீர் வழி 640 அடியில் இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்த 23 அடி வெள்ளத்தைப் பிடித்து வைப்பதற்கான இடம். கரையோர கேம்ப்சைட்டுகளில் பல இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. வெள்ளத் தடுப்புக்காகக் கட்டிய அணையில் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது கேம்ப்கிரவுண்டு என்பது திட்டத்திலேயே உள்ள விஷயம், யாருடைய தவறும் அல்ல. 1957, 1990, 2007, 2015 ஆகிய வருடங்களில் தண்ணீர் உபரிவழியைத் தாண்டி ஓடியது. 2015இல் மட்டம் 645 அடியைக் கடந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் இங்கே மழை அதிகம், நீங்கள் போகத் திட்டமிடுவதும் அப்போதுதான். நான் செய்வது இது: வசந்த காலத்தில் மேட்டுச் சைட்டையும், ஜூலைக்கு அப்புறம் நீரோரச் சைட்டையும் எடுப்பேன். டல்சா மாவட்டம் நீர்மட்டத்தைத் தினமும் இணையத்தில் வெளியிடுகிறது. மேலே ஓக்லஹோமாவில் பெருமழை என்று செய்தி வந்தால் நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் அதைப் பார்த்துவிட வேண்டும். டயரில் காற்று இல்லாமல், ஸ்லைட் (வெளியே நீளும் அறைப்பகுதி) எல்லாம் விரித்து, சுற்றிப் பூந்தொட்டி வைத்து வேரூன்றியவர்களுக்குத்தான் அந்த நேரத்தில் கஷ்டம். எத்தனை மாதம் நின்றாலும் இரண்டு மணி நேரத்தில் கிளம்ப முடிகிற மாதிரி வண்டியை வைத்திருங்கள்.

சூறாவளிச் சுழல்காற்று பற்றி யாராவது லேசாகப் பேசினால் கேட்காதீர்கள். 2024 மே 25 இரவு, மெமோரியல் டே வார இறுதியில், டெக்சோமாவுக்குத் தெற்கே குக் கவுன்டியின் வேலி வியூ பக்கம் டொர்னாடோ இறங்கிப் பலர் உயிரிழந்தார்கள். ரே ராபர்ட்ஸ் ஏரியின் மரினா பக்கமும் அது தாக்கியது, ஆர்.வி.கள் கவிழ்ந்தன. டிரெய்லர் எவ்வளவு கனமாக இருந்தாலும் அது ஒதுங்குமிடம் அல்ல. போய் இறங்கிய முதல் நாளே கற்சுவர்க் குளியலறை எங்கே, அங்கே போக எத்தனை நிமிடம் என்று நடந்து பாருங்கள். எச்சரிக்கைகள் கவுன்டி பெயரைச் சொல்லித்தான் வரும். டெனிசன் பக்கம் கிரேசன் கவுன்டி. ஓக்லஹோமா கரைக்குப் போனால் பிரையனா மார்ஷலா என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள், செல்போனை மட்டும் நம்ப வேண்டாம். காற்று பலமாகும் என்று தெரிந்தால் ஆனிங்கைச் சுருட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.

இப்போது மின்சாரம். என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேம்ப்சைட் மின்கம்பங்களில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரண்டு வகை சாக்கெட் உண்டு. 30க்கும் 50க்கும் இடையே 20தானே வித்தியாசம் என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. 30 ஆம்பியரில் 120 வோல்ட் ஒரே லைன், அதாவது 3,600 வாட். 50 ஆம்பியரில் 120 வோல்ட் இரண்டு லைன், மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். 30 ஆம்பியர் இடத்தில் ஒரு ஏசி 1,500, இன்டக்‌ஷன் அடுப்பு 1,800 என்று சேர்த்தாலே 3,300 ஆகிவிடும், அந்த நேரத்தில் வாட்டர் ஹீட்டர் மின்சாரத்தில் ஓடினால் பிரேக்கர் விழும். தொடர்ந்து இழுக்கும் மின்சுமையை 80 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. முழுநேரம் வாழப் போகிறீர்கள், அதுவும் டெக்சஸ் கோடையில் என்றால் 50 ஆம்பியர் வண்டி, இரண்டு ஏசி என்பதில் சமரசம் வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து வோல்ட்டேஜ் குறைவு. ஆகஸ்ட் மதியம் கேம்ப்கிரவுண்டு நிறைந்து எல்லா ஏசியும் ஓடும்போது, லைனின் கடைசியில் இருக்கும் கம்பத்தில் 120 வோல்ட் 105க்கு இறங்குவதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். வோல்ட்டேஜ் குறைந்தால் ஏசி கம்ப்ரசர் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறும். உடனே எரியாது, ஒவ்வொரு மதியமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இன்சுலேஷன் பழுதாகும். இரண்டு நாள் தங்குபவருக்கு இது தெரியாது, நான்கு மாதம் நிற்பவருக்கு ஒரு நாள் ஏசி நின்று போகும். சாதாரண சர்ஜ் புரொடெக்டர் இதைத் தடுக்காது. வோல்ட்டேஜை அளந்து, 104 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் தானே துண்டிக்கும் இ.எம்.எஸ். என்ற கருவி வேண்டும். சில நூறு டாலர் ஆகும். டிரெய்லர் வாங்கிய அன்றே வாங்குங்கள்.

பழைய கம்பங்களில் சாக்கெட் தளர்ந்திருக்கும். பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும். ஏசி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடென்றால் அலுவலகத்தில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், அல்லது சைட்டையே மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கும்போது இதை வாரம் ஒருமுறை செய்யுங்கள். இன்னொன்று, எர்த் சரியில்லாத கம்பத்தில் டிரெய்லரின் உலோக உடலிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். ஏரியில் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து கதவுப் பிடியைத் தொடும்போது ஜிவ்வென்று உணர்ந்தால் அது சின்ன விஷயம் அல்ல. உடனே கையை எடுத்து, வண்டியைத் தொடாமல் போய்க் கம்பத்தின் பிரேக்கரை அணையுங்கள். பேரப்பிள்ளைகள் வரப்போகிற வண்டி, அதனால் அழுத்திச் சொல்கிறேன். தொடாமலே மின்சாரம் காட்டும் டெஸ்டர் 20 டாலருக்குக் கிடைக்கும், இடத்தில் இறங்கியதும் கதவில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

தண்ணீர், கழிவு விஷயத்தில் நீண்ட நாள் தங்குபவர்கள் செய்யும் தவறு ஒன்று எல்லா இடத்திலும் பார்க்கலாம். குழாய்தான் நிரந்தரமாக இணைந்திருக்கிறதே என்று கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்கள். திரவம் ஓடிவிடும், திடம் தங்கி இறுகிக் கூம்பாக நிற்கும். நான்கு மாதம் கழித்து அதை எடுப்பது பெரும்பாடு. பிளாக் டேங்க் வால்வை எப்போதும் மூடி வையுங்கள், முக்கால் நிரம்பியதும் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். சமையல், குளியல் தண்ணீர் போகும் கிரே டேங்கைத் திறந்து வைக்கலாம், ஆனால் பிளாக்கைக் காலி செய்யும் முந்தின நாள் மூடிவிட்டால் அந்தத் தண்ணீர் கடைசியாக வந்து குழாயைக் கழுவிவிடும். நம் வீட்டில் காகிதம் குறைவு, தண்ணீர் அதிகம். தொட்டி சீக்கிரம் நிரம்பும், ஆனால் அடைப்பு வருவதும் குறைவு. அதனால் சொம்பை விட வேண்டியதில்லை. கேம்ப்கிரவுண்டு குழாய் அழுத்தம் சில இடங்களில் டிரெய்லர் குழாய் தாங்காத அளவு இருக்கும், ரெகுலேட்டர் போட்டு 60 பி.எஸ்.ஐ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆறு மாதம் இருக்கப் போகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கிரைண்டர், மிக்ஸி எல்லாம் ஓடும், டேபிள் டாப் கிரைண்டர் இழுக்கும் மின்சாரம் ஏசிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சிக்கல் கழிவுநீரில் வரும். அரிசி களைந்த தண்ணீர், பருப்புக் கசடு, தாளித்த எண்ணெய் எல்லாம் கிரே டேங்கில் சேர்ந்தால் வெயிலில் வரும் நாற்றத்தைச் சகிக்க முடியாது. களைந்த தண்ணீரை வடிகட்டிப் பாத்திரத்தில் எடுத்து, கேம்ப்கிரவுண்டில் கழிவுநீருக்கென்று இருக்கும் இடத்தில் ஊற்றுங்கள், எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத் தேயுங்கள். பொரியல், மீன் வறுவல், மிளகாய் வறுப்பது எல்லாம் ஆனிங்குக்குக் கீழே வெளி அடுப்பில்தான். உள்ளே வறுத்தால் அந்த வாசனை துணி மூடிய சோபாவிலும் கூரையிலும் ஏறி மாதக்கணக்கில் போகாது. மீன் என்றதும் ஒன்று: டெக்சோமாவில் ஸ்ட்ரைப்டு பாஸ் தானாகவே இனம் பெருக்குகிறது, நன்னீர் ஏரிகளில் இது அபூர்வம். உங்கள் கணவருக்குத் தூண்டிலில் ஆர்வம் இருந்தால் டெக்சோமாவுக்கென்று தனி லைசென்ஸ் இருக்கிறது, இரு மாநிலக் கரைக்கும் அதே ஒன்று செல்லும்.

ஈரம் டிரெய்லரின் முதல் எதிரி. அடுப்பில் ஒரு லிட்டர் புரோப்பேன் எரிந்தால் சுமார் 0.8 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். குளியலும், இரண்டு பேரின் மூச்சும், ஏரிக்காற்றும் அதோடு சேரும். மெத்தைக்கு அடியில் பலகையோடு ஒட்டியிருக்கும் பக்கம் பூசணம் பிடித்திருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். மெத்தைக்குக் கீழே காற்றுப் போக இடைவெளி விடுங்கள், சின்ன டீஹியுமிடிஃபயர் ஒன்று வாங்குங்கள், சமைக்கும்போது கூரை விசிறி ஓடட்டும். கூரையில் வென்ட், ஏசியைச் சுற்றியிருக்கும் சீலன்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏணி வைத்துப் பாருங்கள். விரிசல் கண்ணுக்குத் தெரிந்தால் அன்றே பூச வேண்டும், மழை காத்திருக்காது. டயர் ஓடாவிட்டாலும் வெயிலில் கெடும், மூடி வையுங்கள். டயர் பக்கவாட்டில் 2319 என்று நான்கு எண் இருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ரப்பர் பளபளவென்று இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயரில் கனமான டிரெய்லரை நான் நகர்த்த மாட்டேன். தீ எறும்புகள் மின்கம்பத்துக்குள் கூடு கட்டும், கதவைத் திறக்கும்போது பார்த்துத் திறங்கள்.

செலவு குறையுமா என்ற கேள்விக்கு உறுதியாக ஆம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. வீட்டுவரியும் புல்வெட்டும் போகும், உண்மை. ஆனால் டிரெய்லரின் மதிப்பு வருடா வருடம் இறங்கும், டெக்சஸில் வீட்டின் மதிப்பு அப்படி இறங்குவதில்லை. முழுநேரம் வசிப்பவர்களுக்கு ஃபுல் டைமர் இன்சூரன்ஸ் தனி, சாதாரண ஆர்.வி. பாலிசி விடுமுறைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. பல கம்பெனிகளின் வாரண்டி முழுநேரக் குடியிருப்பை விலக்கிவிடுகிறது, வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். சேமிப்பு மட்டுமே நோக்கம் என்றால் சின்ன அபார்ட்மெண்ட் உங்களை ஏமாற்றாது. நீர், காற்று, அமைதி வேண்டும் என்பதற்காகப் போகிறீர்கள் என்றால், அதற்காகக் கொடுக்கும் பணம் என்று நினைத்துக் கணக்குப் போடுங்கள்.

அதனால் வீட்டை உடனே விற்காதீர்கள் என்பது என் ஆலோசனை. விற்பதற்கு முந்தைய 5 வருடத்தில் 2 வருடம் சொந்தமாக வைத்து அதில் வசித்திருந்தால், லாபத்தில் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை மத்திய அரசு வரி விலக்கு உண்டு. அப்படியென்றால் வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினாலும் ஏறக்குறைய மூன்று வருடம் யோசிக்க நேரம் இருக்கிறது. வாடகைக்கு விட்ட காலத்தின் தேய்மானத்துக்குத் தனி வரி வரும், அதை உங்கள் சி.பி.ஏ.விடம் (கணக்காளர்) கேளுங்கள். முகவரி விஷயத்தில், வீடு போன பிறகு டெக்சஸ்வாசியாகவே இருக்க விரும்பினால், 1978இல் தொடங்கி, இப்போது லிவிங்ஸ்டன் ஊரில் இயங்கும் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கம் தபாலை வாங்கி அனுப்பும் சேவை நடத்துகிறது. முழுநேரக்காரர்கள் நிறையப் பேரின் முகவரி அதுதான். நீங்கள் கிரீன் கார்டில் இருந்தால் முகவரி மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏ.ஆர்.11 என்ற முகவரி மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும். குடியுரிமை விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை வீட்டை விடாமல் இருப்பது நிம்மதி.

மருத்துவம் இதைவிட முக்கியம். 59 வயதில் உங்களுக்கு மார்க்கெட்பிளேஸ் பாலிசி (அரசின் காப்பீட்டுச் சந்தையில் தனியாக வாங்கும் மருத்துவக் காப்பீடு) என்றால், டெக்சஸில் அவை பெரும்பாலும் குறிப்பிட்ட பகுதி மருத்துவர்களோடு கட்டுப்பட்டவை. அவசர சிகிச்சைக்கு வெளியிலும் செல்லும், வழக்கமான சிகிச்சைக்குச் செல்லாது. பிளேனோவிலிருந்து ஹைவே 75இல் வடக்கே ஒன்றேகால் மணி நேரத்தில் டெக்சோமா வந்துவிடும் என்பதால், உங்கள் மருத்துவரை மாற்ற வேண்டாம் என்பது இந்த ஏரியின் பெரிய நன்மை. கணவருக்கு 65 ஆகி மெடிகேர் (மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிடைக்கும்போது, ஊர் ஊராகப் போகும் எண்ணம் இருந்தால், தனியார் கம்பெனி வழியாக வரும், பெரும்பாலும் குறிப்பிட்ட பகுதி மருத்துவர்களோடு கட்டுப்பட்ட அட்வான்டேஜ் பிளானில் கையெழுத்துப் போடும் முன் நின்று யோசியுங்கள். ஒரிஜினல் மெடிகேரை நாடு முழுக்க மெடிகேர் ஏற்கும் எந்த மருத்துவரிடமும் பயன்படுத்தலாம். அதற்குத் துணையான மெடிகேப் பாலிசியை, 65 வயதில் பார்ட் பி (மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பகுதி) தொடங்கிய 6 மாதத்துக்குள் வாங்கினால் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

கடைசியாக பிக்கப். ஃபிஃப்த் வீலின் எடையில் 20 முதல் 25 சதவீதம் டிரக்கின் முதுகில் உட்காரும். 12,000 பவுண்ட் டிரெய்லர் என்றால் 2,400 முதல் 3,000 பவுண்ட். ஹாஃப் டன் டிரக்குகளில் பெரும்பாலானவை மொத்தமாகச் சுமக்கக்கூடியது 2,000 பவுண்டுக்குள், அதில் உங்கள் இருவர் எடையும் ஹிட்சின் எடையும் சேரும். விற்பவர் இழுவைத் திறனை மட்டும் சொல்லித் தலையாட்டுவார், நீங்கள் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், எவ்வளவு எடை சுமக்கலாம் என்று காட்டும் மஞ்சள் ஸ்டிக்கரைப் பாருங்கள். முழுநேரம் வாழும் அளவு ஃபிஃப்த் வீலுக்கு அந்த டிரக் போதாது என்பதுதான் என் கணிப்பு. வாங்கும் முன், வரும் செப்டம்பரில் லேபர் டே முடிந்ததும் ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்து, டெக்சோமாவில் முழு 14 நாளும் இருந்து பாருங்கள். கூட்டம் இருக்காது, வெயில் இன்னும் இருக்கும், ஏசியும் தொட்டியும் சமையலும் எப்படி என்று இரண்டு வாரத்தில் கைக்குப் பழகும். அந்த மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணையும் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் டிரெய்லரின் ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணையும் (சாமானோடு சேர்த்து அனுமதிக்கும் அதிகபட்ச எடை) இங்கே எழுதினால், இழுக்குமா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.